ஃபானி பர்னி அம்மையாரின் கடிதம்

நோயாளியைக் காணப் போகிறவர்கள் பழம் கொண்டு போவார்கள். புஷ்பம் கொண்டு போவார்கள். படித்தவர்களாயின் ஒரு புத்தகமும் கொண்டு போவது வழக்கம். ஸாதாரண ஜ்வரமாயிருந்தால் எந்தப் புத்தகமானாலும் பாதகமில்லை. ஆனால், மார்பில் புற்றுநோய் கண்டிருக்கிறது என்று வைத்தியர் சொல்லிவிட்ட ஒரு ஸ்திரீயின் கையில் எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது? வேடிக்கைக் கதைகளைக் கொடுத்தால், தன் நிலைமை இவர்களுக்கு விளங்கவில்லையே என்று அவள் நொந்துகொள்வாள். வைராக்கிய நூல்களைக் கொடுத்தாலோ, தன்னை வழியனுப்பத் தயாராகிவிட்டார்கள் என்று எண்ணிக்கொள்வாள். தைரியமாயிரு, தைரியமாயிரு என்று பக்கத்துக்குப் பக்கம் உபதேசிக்கும் புத்தகங்களைப் பற்றியோ சொல்ல வேண்டுவதில்லை. அவற்றை எழுதினவர்களில் பலர் ஒரு நாளாவது அந்தத் தைரியத்துக்கு அவசியம் ஏற்பட்டவர்களாகத் தோன்றவில்லை.

இந்நோயைத் தாமே அனுபவித்தவர்கள் எழுதிய நூல்கள் வேறு ஜாதியைச் சேர்ந்தவை. அமெரிக்காவில் பெட்டி ராலின் என்பவர் 1976-ம் வருஷத்திலும், ஆட்ரி லார்ட் என்னும் கவி 1980-ம் வருஷத்திலும் தங்கள் அனுபவத்தைப் புத்தகமாக வெளியிட்டார்கள். அவற்றைப் படித்து ஆறுதல் பெற்ற ஸ்திரீகள் அநேகர். ஆனால் இவ்வரிசைக்கெல்லாம் முற்பட்டதாக, புத்தகமாக்க வேண்டுமென்ற எண்ணமே இல்லாமல் எழுதப்பட்ட ஒரு கடிதம் இருக்கிறது. ஃபானி பர்னி என்னும் இங்கிலீஷ் நாவலாசிரியை 1812-ம் வருஷத்தில் பாரிஸ் நகரத்திலிருந்து தம் தமக்கை எஸ்தருக்கு எழுதியது அது. கலாசாலையில் மெக்காலேயின் கட்டுரைகளைப் படித்த நேயர்கள் இவ்வம்மையாரை மேடம் டார்ப்லே என்ற பெயரால் அறிந்திருப்பார்கள். அந்தக் கட்டுரையில் அவர் நாவலாசிரியையாகவும், ராணியின் ஊழியத்தில் வாடினவராகவும் காட்சியளிக்கிறார். நாம் இங்கே சொல்லப் புகுவது அவர் சரித்திரத்தின் மற்றொரு பாகத்தை. எனினும் அது விளங்குவதற்கு முற்பகுதியும் கொஞ்சம் வேண்டும்.

1752-ம் வருஷம் ஜூன் மாதம் 13-ந் தேதி இங்கிலாந்தில் கிங்ஸ் லின் என்ற துறைமுகப்பட்டணத்தில் அவர் பிறந்தார். தந்தை சார்லஸ் பர்னி ஸங்கீத வித்வான். ஸங்கீத சாஸ்திரத்தின் சரித்திரத்தை எழுதிப் புகழ் பெற்றவர். பிற்காலத்தில் டாக்டர் ஜான்ஸன், நடிகர் காரிக், சித்திரக்காரர் ரெனால்ட்ஸ் முதலிய பிரபலஸ்தர்கள் கூடும் வீடாக அது விளங்கிற்று. அப்படிப்பட்ட வீட்டில், எட்டு வயதாகியும் எழுத்தறியாதிருந்த மந்தக் குழந்தை என்று ஃபானியைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். பத்தாவது வயதில் தாயார் காலமானார். பெண் எழுதுவது குடும்பத்துக்கு அழகன்று என்ற அபிப்பிராயம் அக்காலத்தில் பலமாயிருந்தது. பின்னர் வந்த சிற்றன்னையும் அதே அபிப்பிராயமுடையவர். ஆகவே, ஒருவருக்கும் தெரியாமல் எழுதிச் சேர்த்திருந்த கதைகளையும் கவிதைகளையும் தமது பதினைந்தாவது பிறந்த நாளன்று தம் கையாலேயே ஃபானி தீயிலிட்டுக் கொளுத்திவிட்டார்.

காகிதம் எரிந்ததே யொழியக் கதை எரியவில்லை. எரிந்துபோன கதையின் தொடர்ச்சியாக மனத்தில் வளர்ந்ததை அவர் மீண்டும் எழுதினார். தந்தையின் கையெழுத்துப் பிரதிகளை நகல் எடுத்து வந்தமையால் தமது எழுத்தை அச்சகத்தார் அடையாளம் கண்டுகொள்வார்களோ என்றஞ்சி, கையெழுத்தை மாற்றி மாற்றி எழுதினார். சகோதரர் ஒருவர் மாறுவேஷத்தில் போய்ப் பிரசுரகர்த்தரிடம் சேர்ப்பித்தார். 'ஈவ்லினா' என்ற அந்நாவல் 1778-ம் வருஷம் ஆசிரியர் பெயரில்லாமல் வெளிவந்தது. கிடைத்த தொகை 20 கினி. லண்டன் முழுவதும் அதைப் பற்றியே பேச்சு. ஜான்ஸன் மெச்சினார். எழுதியது தம் மகள்தான் என்பது தந்தைக்கே புத்தகம் வெளிவந்து சில மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. 1782-ம் வருஷம் வெளிவந்த 'ஸிஸீலியா' முதல் நாவலின் புகழை நிலைநாட்டிற்று. ஜேன் ஆஸ்டென் இவரைக் கற்றுத் தேர்ந்தவர்.

இவ்வளவு புகழுக்குப் பின் 1786-ம் வருஷம் ஷார்லட் ராணியின் ஆடை அலங்கார இலாகாவில் வருஷத்துக்கு 200 பவுன் சம்பளத்தில் அவரை அமர்த்தினார்கள். தந்தை இதைப் பெரும் பாக்கியமாகக் கருதினார். மகளுக்கோ அது ஐந்து வருஷச் சிறைவாசம். இருமல் வந்தாலும் தும்மல் வந்தாலும் அடக்கிக்கொண்டு நிற்பதுதான் அரண்மனை மரியாதை. உடல் நலிந்து, உயிருக்கே அபாயம் என்று நண்பர்கள் கூக்குரலிட்ட பிறகு, 1791-ம் வருஷம் 100 பவுன் உபகாரச் சம்பளத்துடன் விடுதலை கிடைத்தது.

இந்த ஐந்து வருஷங்களில் நம் தேசத்தைத் தொட்ட ஒரு காட்சியும் உண்டு. 1788-ம் வருஷம் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது விசாரணை தொடங்கியபோது, ராணி கொடுத்த அனுமதிச் சீட்டுடன் அம்மையார் அங்கு உட்கார்ந்திருந்தார். காசி ராஜா சேத் சிங்குக்கும் அயோத்தி பேகம்களுக்கும் இழைக்கப்பட்ட கொடுமைகளை எட்மண்ட் பர்க் எடுத்துரைத்ததைக் காதாரக் கேட்டார். கேட்டும், அவருடைய அனுதாபமெல்லாம் கூண்டில் நின்ற ஹேஸ்டிங்ஸ் பக்கமே சென்றது. ஏழு வருஷம் இழுத்தடித்த வழக்கில் ஹேஸ்டிங்ஸ் விடுதலை பெற்றதை நேயர்கள் அறிவார்கள். தம் கண்ணெதிரே வெளுத்துப்போயிருந்த ஒரு கனவானின் முகத்தைக் கண்டு இரங்கிய உள்ளத்துக்கு, ஆறாயிரம் மைலுக்கப்பால் இருந்தவர்களின் முகம் தெரியவில்லை. இதை நாம் மறைக்க வேண்டுவதில்லை, மன்னிக்கவும் வேண்டுவதில்லை. எல்லா விஷயங்களிலும் நமக்கு இசைந்தவர்களிடமிருந்துதான் கற்க வேண்டுமென்று வைத்துக்கொண்டால் நாம் கற்கக்கூடியது மிகவும் சொற்பமாய்விடும்.

நிற்க. 1793-ம் வருஷம், தமது நாற்பத்தொன்றாவது வயதில், பிரெஞ்சுப் புரட்சியினால் நாடு கடந்து இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்திருந்த ஜெனரல் டார்ப்லே என்பவரை அவர் மணந்தார். மாப்பிள்ளை கையில் காசில்லாதவர், கத்தோலிக்கர், பகைநாட்டார். தந்தை கலியாணத்துக்கு வரவில்லை. அடுத்த வருஷம் அலெக்ஸாண்டர் என்ற ஒரே மகன் பிறந்தான். 1802-ம் வருஷம், இரு தேசங்களுக்கும் சமாதானம் ஏற்பட்டிருந்த சமயம், கணவரின் சொத்து விவகாரங்களை முன்னிட்டுக் குடும்பம் பிரான்ஸுக்குச் சென்றது. மறு வருஷமே யுத்தம் மூண்டது. திரும்ப வழியில்லை. பத்து வருஷம் அம்மையார் அங்கேயே இருக்க நேர்ந்தது. கடிதப் போக்குவரத்துக்கூட அருமையாகிவிட்டது.

1810-ம் வருஷம் ஆகஸ்ட் மாத வாக்கில் வலது மார்பில் சிறிது நோவு காணத் தொடங்கியது. வாரத்துக்கு வாரம் அது அதிகரித்தது. வைத்தியரிடம் காட்ட வேண்டுமென்று கணவர் மன்றாடினார். அந்தரங்கத் தோழியொருவரும் வற்புறுத்தினார். அம்மையார் சம்மதிக்கவில்லை. ஜாக்கிரதையாயிருந்தால், குளிர் படாமல் பார்த்துக்கொண்டால், தானே சரியாகிவிடும் என்று நம்பினார். மாதங்கள் கழிந்தன.

இந்த மாதங்களைத்தான் நேயர்கள் கவனிக்க வேண்டும். இவர் படிப்பறியாதவரல்லர், மூடநம்பிக்கை கொண்டவருமல்லர், ஐரோப்பாவின் தலைசிறந்த வைத்தியர்கள் வசிக்கும் நகரத்தின் மத்தியில் இருந்தவர். இவரைத் தடுத்தது கூச்சம். எழுதியதை எரித்து, கையெழுத்தை மாற்றி, பெயரை மறைத்து, அரண்மனையில் இருமலையும் விழுங்கி, நாற்பது வருஷமாகப் பயின்ற கூச்சம் அது. அந்நிய புருஷர் முன் மார்பைத் திறந்து காட்டுவதைக் காட்டிலும் நோவைப் பொறுத்துக்கொள்வது எளிதாகத் தோன்றிற்று. இது அந்தத் தேசத்துக்கோ அந்தக் காலத்துக்கோ மட்டும் உரிய குணம் என்று நாம் சொல்லிவிட முடியுமா? நம் வீடுகளில் எத்தனை தாய்மார்கள், எத்தனை சகோதரிகள், வலியில்லாத ஒரு சிறு கட்டியை முந்தானைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு, பெண்ணின் கலியாணம் முடியட்டும், பிள்ளையின் பரீட்சை முடியட்டும் என்று நாளைக் கடத்துகிறார்கள்! வலியில்லையே என்ற ஆறுதல் வேறு. பெரும்பாலும் ஆரம்பத்தில் இக்கட்டி வலிப்பதில்லை என்பதே இதில் உள்ள மோசம்.

கடைசியில் வைத்தியர்கள் வந்தார்கள். ஸாமான்ய வைத்தியர்களல்லர். ஒருவர் அந்த்வான் துபுவா. சக்கரவர்த்தினி மரீ லூயிஸுக்குப் பிரசவம் பார்த்தவர். மற்றொருவர் தொமினிக் லாரே; நெப்போலியனின் சைனியத்தில் தலைமை ரண வைத்தியர்; காயமுற்ற சிப்பாய்களைப் போர்க்களத்திலிருந்தே அள்ளிச் செல்லும் துரித வண்டிகளை ஏற்படுத்தியவர். ஆயிரக்கணக்கான கைகால்களை அறுத்தெடுத்து மரத்துப்போயிருக்க வேண்டிய அம்மனிதர், இந்த ஸ்திரீயிடம் விஷயத்தைச் சொல்ல வந்தபோது கண் கலங்கினார். ரண சிகிச்சை தவிர வேறு வழியில்லை என்று தீர்ந்தது. நாளை முன்கூட்டிச் சொல்வதில்லை, சில மணி நேரத்துக்கு முன்புதான் தகவல் வரும் என்று ஏற்பாடு. அதன்பின் மூன்று வாரம் தகவலே வரவில்லை. தண்டனை விதிக்கப்பட்டவன் தேதி தெரியாமல் காத்திருப்பது எப்படியிருக்கும் என்பதை, சிறையில் அத்தகையவர்களைக் கண்டு பேசிய வக்கீல்கள் கொஞ்சம் அறிவார்கள்.

1811-ம் வருஷம் ஸெப்டம்பர் மாதம் 30-ந் தேதி காலையில் லாரேயின் கடிதம் வந்தது. முதல் காரியமாக அம்மையார் செய்தது கணவரை அப்புறப்படுத்தியது. அவர் வேலை பார்த்த உள்நாட்டு இலாகா காரியாலயத்தில் தெரிந்தவர் மூலம், அவசர ஜோலி என்று சொல்லிச் சாயங்காலம் வரையில் அவரை அங்கேயே நிறுத்திவைக்க ஏற்பாடு செய்தார். மகன் பள்ளிக்கூடத்தில். வைத்தியர்கள் வரத் தாமதமாயிற்று. காத்திருக்கையில் ரண சிகிச்சைக்கென ஒழித்து வைத்திருந்த அறைக்குள் அவரே போய்ப் பார்த்தார். கட்டுத்துணிகளும், பஞ்சும், குருதியை ஒற்றியெடுக்கும் கடற்பஞ்சுகளும் குவிந்து கிடந்தன. வெளியே வந்து முன்னும் பின்னும் நடந்தார். கணவருக்கும் மகனுக்கும், ஒருவேளை தாம் பிழைக்காவிடில் கொடுக்கும்படி, சில வரிகள் எழுதி வைத்தார்.

பிறகு வண்டிகள் வரும் சப்தம். கறுப்பு உடை தரித்த ஏழு ஆடவர்கள் உள்ளே நுழைந்தார்கள். மயக்க மருந்து கிடையாது. அக்காலத்தில் பாரிஸில் மட்டுமன்று, ஐரோப்பாவில் எங்குமே கிடையாது. ஒரு வாய் மதுவைக் குடிக்கக் கொடுத்தார்கள், அவ்வளவே. வேலைக்காரப் பெண்களை வெளியே போகச் சொன்னார்கள். ஒருத்தி மட்டும் தங்கிவிட்டாள். அம்மையார் ஒருவரும் பிடித்துத் தூக்காமல் தாமே கட்டிலில் ஏறிப் படுத்தார். முகத்தின் மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டார்கள். அது மெல்லிய துணி. அதனூடே, கட்டிலைச் சுற்றி நிற்கும் ஏழு பேரும், கத்தியின் பளபளப்பும் தெரிந்தன. மார்பை யார் பிடித்துக்கொள்வது என்று லாரே கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. நோயாளியே தாம் பிடித்துக்கொள்வதாகச் சொல்லிக் கையைக் கொடுத்தார். மீண்டும் கைக்குட்டையை மூடினார்கள். விரலொன்று காற்றில் நேர்க்கோடு இழுத்து, குறுக்குக்கோடு இழுத்து, பிறகு வட்டமிடுவதை அவர் கண்டார். மார்பு முழுவதையும் எடுக்கப்போகிறார்கள் என்பது அந்தச் சைகையினால்தான் அவருக்குத் தெரிந்தது.

இருபது நிமிஷம் நடந்தது. அறுப்பு முடிந்தபின் எலும்பைச் சுரண்டினார்கள். ஆரம்பம் முதல் அம்மையார் அலறினார். அதை மறைக்கவோ, வீராங்கனையைப் போல் வாய்மூடிக் கிடந்ததாகக் காட்டிக்கொள்ளவோ அவர் முயலவில்லை. இருமுறை நினைவு தப்பிற்று. எல்லாம் முடிந்து அவரைத் தூக்கியபோது, இரத்தக்கறை படிந்து பிணம்போல் வெளுத்திருந்த லாரேயின் முகத்தைக் கண்டார். தம்மை அறுத்தவரும் தம்முடன் துன்பப்பட்டிருக்கிறார் என்பதை அந்த நிலையிலும் குறித்துக்கொண்டார்.

இங்கே ஒரு விஷயத்தைக் குறிப்பிடாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. இதற்கு ஏழு வருஷம் முன்னதாக, 1804-ம் வருஷத்தில், ஜப்பானில் ஹனவோகா ஸெய்ஷூ என்னும் வைத்தியர், மூலிகைகளினால் தாம் தயாரித்த மருந்தைக் குடிக்கச் செய்து, ஒரு மூதாட்டிக்கு நினைவு தெரியாத தூக்கத்திலேயே மார்பிலிருந்த புற்றை அகற்றியிருந்தார். ஜப்பான் கதவடைத்திருந்த காலம். செய்தி வெளியே வரவில்லை. பாஸ்டன் நகரத்தில் ஈதர் என்னும் மயக்க மருந்தின் உபயோகத்தைப் பகிரங்கமாகக் காட்டியது 1846-ம் வருஷத்தில்தான். அறிவு ஆசியாவில் இருந்தது, கத்தி ஐரோப்பாவில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஃபானி பர்னி அம்மையார் கிடந்தார்.

உடல் தேறிற்று. உள்ளம் எளிதில் தேறவில்லை. மாதக்கணக்கில் அதைப் பற்றிப் பேசவோ நினைக்கவோ முடியாதிருந்தது. ஆயினும், வேறு யார் மூலமாவது செய்தி இங்கிலாந்துக்கு எட்டினால் தாம் முற்றிலும் குணமடைந்ததை உறவினர் நம்பமாட்டார்களே என்று எண்ணி, 1812-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் தமக்கைக்கு எழுதத் தொடங்கினார். முடிக்க ஜூன் மாதமாயிற்று. எழுதினதைத் திருப்பிப் பார்க்கக்கூட அவரால் முடியவில்லை. ஆனால் அதில் ஒன்றை மிகத் தெளிவாகச் சொன்னார். பரிசோதனைக்கு இணங்காமல் தாம் மாதங்களை வீணாக்கியதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, தமக்கைக்கும் மற்றச் சகோதரிகளுக்கும், அவர்களுடைய பெண்களுக்கும் அத்தகைய நோவு எப்பொழுதேனும் காணுமாயின் அது எச்சரிக்கையாக இருக்கட்டுமென்று கருதியே எழுதுவதாகக் குறிப்பிட்டார். வாழ்நாளெல்லாம் மறைத்துப் பழகியவர் தம்முடைய மிக அந்தரங்கமான விஷயத்தை, தம் தவறு உட்பட, முதன்முதல் மறைக்காமல் எழுதியது இந்தக் கடிதத்திலேதான் என்பது நம் அபிப்பிராயம்.

இத்தனை கோரத்தை எழுதிய கடிதம் நோயாளிக்கு எப்படி ஆறுதலாகும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. மறுநாள் ரண சிகிச்சைக்குப் போகவிருப்பவள் கையில் இதைக் கொடுக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுதியவர் உயிரோடிருந்து எழுதுகிறார். ஒவ்வொரு வரியும் அதற்குச் சாட்சி. அலறினதைக் கூசாமல் சொல்கிறார். ஆகவே, அலறத் தோன்றும் மற்றொருத்தி தன்னைக் கோழையென்று நொந்துகொள்ள வேண்டியதில்லை. இரவு பகலாகத் தன்னைச் சுற்றி எல்லோரும் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கையில், ஏதோ இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் ஒரு குரல் கேட்பது எவ்வளவு பெரிய துணை என்பதை நோயுற்றவர்களே அறிவார்கள். அன்றிருந்த கொடுமையும் இன்றில்லை. வேதனை தெரியாமல் சிகிச்சை நடக்கிறது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மார்பு முழுவதையும் எடுக்காமலே பலருக்குக் குணமாகிறது. கையினால் தட்டுப்படுமுன்பே கட்டியைக் காட்டும் படக்கருவிகள் வந்துவிட்டன. மாறாதிருப்பது அந்த முதல் சில மாதங்களின் கூச்சம் ஒன்றுதான்.

அம்மையாருக்கு வந்தது புற்றுநோய்தானா என்று இக்காலத்து வைத்தியர்களில் சிலர் ஐயுறுவதுமுண்டு. அதற்குப் பின் அவர் இருபத்தெட்டு வருஷம் வாழ்ந்ததே அந்த ஐயத்துக்குக் காரணம். ரண சிகிச்சை செய்தவர்கள் அது புற்று என்றே முடிவு செய்தார்கள். இத்தனை காலத்துக்குப் பின் அதைத் தீர்த்துச் சொல்வது இயலாத காரியம்.

1812-ம் வருஷம் மகனைப் பிரெஞ்சுச் சைனியத்துக்குப் பிடித்துக்கொண்டு போகாமலிருக்க அவனை அழைத்துக்கொண்டு இங்கிலாந்து திரும்பினார். 1814-ம் வருஷம் தந்தை காலமானார். அதே வருஷம் கடைசி நாவல் வெளிவந்தது. விமர்சகர்கள் அதைக் கிழித்தெறிந்தார்கள். வாட்டர்லூ யுத்தம் நடந்த நாட்களில் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் பீரங்கிச் சப்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். 1818-ம் வருஷம் கணவரையும், 1837-ம் வருஷம் மகனையும் இழந்தார். 1840-ம் வருஷம் ஜனவரி மாதம் 6-ந் தேதி, எண்பத்தேழாவது வயதில் காலமானார். அவருடைய நாட்குறிப்புகளும் கடிதங்களும் முதலில் 1842-ம் வருஷம் முதல் உறவினரால் தேர்ந்தெடுத்து அச்சிடப்பட்டன. 1791-க்குப் பிற்பட்ட நாட்குறிப்புகளும் கடிதங்களும் ஜாய்ஸ் ஹெம்லோ என்னும் அம்மையாரின் தலைமையில் 1972-ம் வருஷம் முதல் 1984-ம் வருஷம் வரையில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தபோதுதான், பாரிஸ் கடிதம் உள்ளபடி முழுமையாக உலகத்தார் கைக்கு எட்டிற்று.

அந்தக் கடிதத்தில் இன்னொருவர் கையால் எழுதிய சில வரிகளும் இருக்கின்றன. அவை கணவர் டார்ப்லே எழுதியவை. அன்று காரியாலயத்தில் நிறுத்திவைக்கப்பட்டிருந்த அம்மனிதர், அதற்குப் பின் மாதக்கணக்கில் ஒரே வீட்டில் மனைவிக்குப் பணிவிடை செய்து வாழ்ந்தும், அந்த இருபது நிமிஷத்தில் என்ன நடந்தது என்பதை அறியாமலே இருந்தார். மனைவி தமக்கைக்கு எழுதியதை வாசித்துத்தான் அவருக்கும் தெரிந்தது. வாசித்துவிட்டு, அவ்விவரங்கள் தம் உயிரையே வாங்கிவிடும் போலிருந்தன என்று எஸ்தருக்கு எழுதி, கடிதத்தை அனுப்பச் செய்தார்.